தலையாட்டி என்றால் பொம்மை

எங்கள் கோயில் பொதுக்கூட்டத்தில் நான் கேட்ட ஒரு கேள்வி நிர்வாகத்தில் இருந்த ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அன்று பின்னேரமே அவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "இவன் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும். பழைய தலையாட்டி." நியூசிலாந்தில், ஒக்லாந்தில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

அந்தச் சொல்லை எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆம்பிளைகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தும். தலையில் சாக்கைப் போட்டு, கண்ணுக்கு ஓட்டை விட்ட ஒருவனை எங்களுக்கு முன்னால் நடத்திக்கொண்டு வரும். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவரைக் கொண்டுபோவார்கள். போனவர்கள் திரும்பவில்லை. சாக்குக்குள் இருந்தவனுக்குப் பெயர் தலையாட்டி. நான் சாக்குக்குள் இருந்தவன் இல்லை. மண்ணில் குந்தியிருந்தவன்.

என்னைத் தவிர அதைக் கண்ணால் கண்ட ஆள் இந்த நாட்டில் ஒரே ஒருவர். மன்னார்க்காரர், வெஸ்ட்கேட்டில் மகள் வீட்டில் இருந்தார். அன்று மைதானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். அவருடைய தம்பியைப் பார்த்துத்தான் சாக்கு ஆடியது. விசயம் கேள்விப்பட்டு மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிற என் வீடு தேடி வந்து, "வழக்குப் போடு தம்பி. நான் வந்து சொல்லுறன். ஆனால் கெதியா," என்றார். அப்போதே அவருக்கு ஈரலில் புற்றுநோய்.

மானநஷ்ட வழக்கில் இங்கே ஜூரி கேட்கலாம். நீதிபதி மட்டும் போதும் என்றார் என் லோயர். ஜூரிதான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நீதிபதி சொன்னால் அது சட்டம் சொன்னது. பன்னிரண்டு சாதாரண சனம் சொன்னால் ஊர் சொன்ன மாதிரி. எனக்கு ஊர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பு நல்ல கெட்டித்தனமாக ஒன்றைப் பிடித்தது. தலையாட்டி என்றால் எதற்கும் ஆமாம் போடுகிறவன், வேறொன்றும் இல்லையாம். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டவனை யாராவது ஆமாம்சாமி என்பார்களா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் சாட்சி சொல்லும்போது பழக்கத்தில் ஒருமுறை தலையை ஆட்டிவிட்டேன். வாயால் சொல்லுங்கள், தலையாட்டினால் பதிவில் விழாது என்றார் நீதிபதி. அதைத் தமிழில் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு வாய் கூசியது.

மன்னார்க்காரர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஜூரியில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

இன்டர்நெட்டில் தேடாதீர்கள், வெளியாரிடம் கேட்காதீர்கள் என்று நீதிபதி ஜூரிக்கு ஒவ்வொரு நாளும் சொன்னார். எனக்கே பாடமாகிவிட்டது. ஆனால் அவர்கள் முடிவெடுக்க உள்ளே போனபிறகு, ஜூரியில் ஒருவரே நீதிபதிக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார். எங்களைக் கூப்பிட்டு நீதிபதி விசயத்தைச் சொன்னார். இன்னொரு ஜூரருக்குப் பென்ரோஸில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை. வார இறுதியில் வேலைக்குப் போனவர், கூட வேலைசெய்யும் தமிழ்நாட்டுப் பையனிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருக்கிறார். அவன் சிரித்துவிட்டு, அது ஒரு பொம்மை என்று போனில் படம் தேடிக் காட்டியிருக்கிறான். இவர் அதை அச்செடுத்துக்கொண்டு போய் உள்ளே மேசையில் வைத்திருக்கிறார்.

லோயர் எனக்கு அந்தப் படத்தைக் காட்டினார். தஞ்சாவூர்ப் பொம்மை. பாவாடை விரித்த பெண், சிவந்த வாய், தட்டினால் தலை ஆடும். வடிவான பொம்மைதான். பன்னிரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள். ஜூரியைக் கலைத்துவிட்டார்கள். வழக்கு திரும்ப முதலில் இருந்து, அடுத்த வருசம்.

அந்தப் பையனில் எனக்குக் கோபமில்லை. அவன் தன் ஊரில் இருப்பதைச் சொன்னான். அங்கே யாரும் சாக்குப் போட்டுக்கொண்டு நடக்கவில்லை. கோபமெல்லாம் அந்த ஜூரரில்தான். சாகக் கிடக்கிற மனுசன் முன்னால் நின்று சொன்னது போதாமல், தேத்தண்ணி இடைவேளையில் ஒருத்தன் சொன்னதைக் காவிக்கொண்டு போனாரே. சரியாக அறியத்தான் கேட்டாராம்.

சாட்சியம் பதிவில் இருக்கிறது, அடுத்த முறை வாசிக்கலாம் என்றார் லோயர். யார் வாசிப்பது? ஒரு கிளார்க்கா? தம்பியின் பெயர் வந்த இடத்தில் அவர் மூச்சை விழுங்கினாரே, அதை எப்படி வாசிப்பது?

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய மகள் வாசலிலேயே மறித்தாள். "அங்கிள், அப்பாவுக்கு ஒண்டும் சொல்லேல்லை. தீர்ப்பு வந்திட்டுதோ எண்டுதான் ஒவ்வொரு நாளும் கேக்கிறார். டொக்டர் இனி நாள்தான் எண்டு சொல்லீட்டார்."

கட்டிலில் அவர் எலும்பாகக் கிடந்தார். கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சுதோ தம்பி? அது நீ இல்லை எண்டு சொல்லிப்போட்டாங்களோ?"

வாயைத் திறந்தேன். அன்று மைதானத்தில் சாக்கைப் பார்த்தது போல அவர் கண் வெட்டாமல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் ஓம் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

தலையாட்டினேன்.