பிட்டு மாவில் அப்பிள் சுருள்

என் மனைவியின் நிறை நாற்பத்தொரு கிலோவுக்கு இறங்கிய அன்று, ஆஸ்பத்திரியில் நோயாளரின் சாப்பாட்டுக்குப் பொறுப்பான தாதி பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். அடுத்த திங்கட்கிழமை வரும்போது இந்த நிறையாவது இருக்க வேண்டும், இதிலும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். நான் அதை மனைவிக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"எனக்கு விளங்கினது," என்றாள் அவள். "குழாய் எண்டால் குழாய்தானே. அதுக்கு வேறை தமிழ் இருக்கோ?"

பஸ்ஸில் வீடு திரும்பினோம். லண்டனில் எங்கள் வீடிருக்கும் கிங்ஸ்பரியில் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"மூக்காலை சாப்பிட்டு உயிரோடை கிடக்க என்னாலை ஏலாது. நான் அதுக்கு ஓமெண்டு சொல்ல மாட்டன். நீங்களும் என்ரை பக்கத்திலை நிண்டு கெஞ்சக் கூடாது."

அவளுக்கு வயிற்றில் கட்டி. மருந்து ஏற்றி முடித்திருந்தார்கள். அது கட்டியை என்ன செய்ததோ தெரியாது, நாக்கைக் கெடுத்துவிட்டது. சோறு இரும்பாக இருக்கிறது என்பாள். பால் சவர்க்காரமாக இருக்கிறது என்பாள். கறிவேப்பிலை தாளித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். காலையில் ஏழு கரண்டி கஞ்சி, மத்தியானம் நான்கு, இரவு ஒன்றுமில்லை; என் தலைக்குள் நாள் இப்படித்தான் ஓடியது. ஊரில் நான் நில அளவையாளன். லண்டனில் பெற்றோல் நிலையமொன்றில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கியவன். இரண்டு வேலைக்கும் எண்ணத் தெரிந்தால் போதும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. எட்டாவது கரண்டியை நீட்டும்போது அவள் முகத்தைத் திருப்பினால், அந்த ஒரு கரண்டிக்காக அன்று முழுவதும் மனம் அரித்துக்கொண்டிருக்கும்.

புதன்கிழமை அவளாகவே என்னைக் கூப்பிட்டாள். கீழ் அறையில் சன்னலடியில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தோம்.

"என்னப்பா, பக்கத்து வீட்டு மனிசி முந்தித் தாறவவெல்லே, அப்பிள் சுருள். அது எண்டால் சாப்பிடுவன் போலை கிடக்கு."

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஹங்கேரிக்கார அம்மா. எண்பதைத் தாண்டிய விதவை. இளம் பெண்ணாக இருந்தபோது எல்லையைக் கால்நடையாகக் கடந்து வந்தவர். நாங்களும் ஒரு பையோடு வந்தவர்கள்தான் என்பதால் அவருக்கு எங்களிடம் ஒரு மதிப்பு இருந்தது. தீபாவளிக்கு எங்கள் வேலிக்கு மேலால் வடை போகும், மார்கழி நத்தாருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுருள் வரும். காகிதம் போல மெல்லிய மாவுக்குள் அப்பிளை வைத்துச் சுருட்டிச் சுட்டது. அவர் அதற்கு ரேட்டெஷ் என்று பெயர் சொன்னார். என் மனைவி எப்போதும் சுருள் என்றுதான் சொல்வாள். இரண்டு பெண்களும் வேலியடியில் நின்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒருவர் சொல்வதில் பாதி மற்றவருக்கு விளங்காது. அதனால் இருவருக்கும் ஒரு நாளும் சண்டை வரவில்லை.

மூன்று நத்தாராகச் சுருள் வரவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கதவைத் தட்டினேன். அவர் தன் விரல்களைக் காட்டினார். இஞ்சிக் கிழங்கு போல முறுகி இருந்தன.

"கை போய்விட்டது," என்றார். "வாய் இருக்கிறது. உனக்குக் கை இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன்."

அவருடைய ஆங்கிலத்தில் எல்லாமே கட்டளையாகத்தான் வரும். அதனால் தமிழில் எழுதும்போது அவர் என்னை 'நீ' என்று சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது.

சனிக்கிழமை காலை, தன் வளவு மரத்து அப்பிள்கள் பதினொன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பச்சையும் புளிப்புமான அப்பிள். எங்கள் குசினியின் ஒரே நல்ல கதிரையில் உட்கார்ந்து சாப்பாட்டு மேசையை நான்கு பக்கமும் பார்த்தார். மேசையை மூட ஒரு வெள்ளைத் துணி வேண்டும், பருத்தியாக இருக்க வேண்டும், நடுவில் தையல் இருக்கக் கூடாது என்றார். எங்கள் கட்டில் விரிப்புகள் எல்லாம் நைலோன் கலந்தவை. தையல் இல்லாத பருத்தி என்று வீட்டில் இருந்தது என் வேட்டிதான்.

அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டு அறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"அது கோயிலுக்குக் கட்டுற வேட்டியெல்லே? அதிலை முட்டை போட்ட மாவோ?"

"தோய்ச்சால் போகுமப்பா."

"வேட்டி வெளுக்கும். வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"நீ சாப்பிட்டால் நான் சொல்லுறன்."

ஹங்கேரிக்கார அம்மா மா எடுக்கச் சொன்னார். குசினித் தட்டில் ஒரே மாதிரியான மூன்று தகரப் பேணிகள் இருந்தன. ஒன்றில் அரிசி மா என்று நிறத்தில் தெரிந்தது. மற்ற இரண்டில் ஒன்று வெறுமை. நிறைந்திருந்ததை எடுத்து அரைக் கிலோ நிறுத்தேன். முட்டை, உப்பு, கொஞ்சம் வினாகிரி, எண்ணெய், இளஞ்சூட்டுத் தண்ணீர். குழைத்து உருட்டியதும், உருண்டையைத் தூக்கி மேசையில் நூறு தரம் அடிக்க வேண்டும் என்றார். அப்போதுதான் மா இளகி இழுபடுமாம். நூறு என்று கேட்டதும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அடிக்கத் தொடங்கினேன். இருபத்திமூன்றாவது அடியில் உருண்டை பிளந்தது. சேர்த்துப் பிடித்து மறுபடியும் அடித்தேன். முப்பதில் நான்கு துண்டாக உடைந்து, ஒரு துண்டு அவர் மடியில் போய் விழுந்தது.

அவர் அதை எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து உருட்டினார். அது உதிர்ந்தது.

"இந்த மா செத்துப்போய்விட்டது," என்றார். "எங்கே வாங்கினாய்?"

வழக்கமான கடைதான் என்றேன். பழுதாகியிருக்கலாம் என்று மணந்து பார்த்தேன். பிறகு அந்தத் துண்டைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை. பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவோடு சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"ஐயோ, அது அவிச்ச மாவப்பா! பிட்டுக்கு வைச்சது. இவ்வளவு காலமும் திண்டு போட்டு, எது பச்சை மா எது அவிச்ச மா எண்டு தெரியேல்லை. இவர் காணி அளந்தவராம்!"

எங்கள் வீடுகளில் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடு ஆறுமுன் அரித்துப் பேணியில் போட்டு வைப்போம். பிட்டு பூப்போல உதிர்வதற்கு அதுதான் வழி. மாவின் பசைத்தன்மை அந்த ஆவியில் போய்விடும். சுருளுக்கோ அந்தப் பசைத்தன்மை ஒன்றுதான் தேவை. இதை நான் ஹங்கேரிக்கார அம்மாவுக்கு விளக்கினேன். அவர் மடியில் உதிர்ந்து கிடந்த மாவைத் தட்டிவிட்டார்.

"சமைப்பதற்கு முன் மாவைச் சமைக்கிறீர்களா? பிறகு மறுபடியும் சமைக்கிறீர்களா?"

"ஆமாம்."

"பாவம் அந்த மா," என்றார்.

அறையிலிருந்து மனைவியின் குரல் மெதுவாக வந்தது. "வைகாசியிலை அவிச்சனான். அதுக்குப் பிறகு எனக்கு ஏலாமல் போட்டுது."

அவள் கடைசியாக அவித்த மாவில் அரைக் கிலோவை முட்டையும் வினாகிரியும் விட்டுக் கெடுத்திருந்தேன். பேணியை மூடி, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

தெருமுனைக் கடையில் பாண் ரொட்டி செய்யும் மா வாங்கி வந்தேன். இம்முறை நூறு அடியையும் அது தாங்கியது. எண்ணெய் பூசி, சூடாக்கிய சட்டியால் மூடி அரை மணித்தியாலம் வைத்தோம். அதற்குள் நான் அப்பிளைத் தோல் சீவித் துருவி, சீனியும் கறுவாப் பட்டைத் தூளும் கலந்து, பட்டரில் பாண் தூளை வறுத்து வைத்தேன். வேட்டியை மேசையில் விரித்து மாத் தூவினேன். வெள்ளை விரித்த மேசையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் செத்தவீடுகளில் அப்படி விரித்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"இனி இரண்டு பேர் வேண்டும்," என்றார் அவர். "எதிரெதிரே நின்று, புறங்கையால் இழுக்க வேண்டும். ஒருவன் இழுத்தால் கிழியும்."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருடைய கைகள் மடியில் கிடந்தன. அப்போது வாசலில் என் மனைவி நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து தானாகவே வந்திருந்தாள்.

"என்ன பாக்கிறியள்? இதுக்குப் பெலன் தேவையில்லை எண்டு வேலியடியிலை எனக்கு எத்தினை தரம் சொன்னவ."

காப்புகளைக் கழற்றித் தட்டில் வைத்தாள். கழற்ற ஒரு சிரமமும் இருக்கவில்லை, கையைத் தொங்கவிட்டதும் அவை தாமாகவே வழுகி வந்தன. மேசையின் விளிம்பில் இடுப்பைச் சாய்த்து நின்று, இரண்டு கைகளையும் மாவுக்கு அடியில் விட்டாள். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். ஹங்கேரிக்கார அம்மா மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மா அகன்றுகொண்டு வந்தது. நான் அவசரப்பட்ட இடத்தில் இரண்டு ஓட்டை விழுந்தது. அவளுடைய பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் மா மேசையின் நான்கு ஓரங்களிலும் வழிந்து தொங்கியது. அதற்குக் கீழே வேட்டியின் பச்சைக் கரை தெளிவாகத் தெரிந்தது. மாவுக்கு அடியில் அவளுடைய விரல்களும் தெரிந்தன. எலும்பு எலும்பாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக.

பட்டர் தெளித்து, பாண் தூளும் அப்பிளும் பரப்பினேன். வேட்டியின் நுனியை இரண்டு கையாலும் தூக்க, மா தன்பாட்டில் உருண்டு சுருண்டு போனது. அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலுக்குப் போனாள். நான் தாங்கிக்கொண்டு போனேன்.

சுட்டு எடுத்த சுருளில் அன்று அவள் ஐந்து முள்ளுக்கரண்டி சாப்பிட்டாள். மேல் மா நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஞாயிறு காலை, ஆறிப்போனதில் அரைத் துண்டு. பின்னேரம் இன்னொரு அரைத் துண்டு. வாந்தி இல்லை. "புளிக்குது," என்றாள். "புளிப்புப் புளிப்பாய்த் தெரியுது." நான் பட்டரையும் சீனியையும் மாவையும் மனதில் கூட்டிப் பார்த்து, நாற்பத்தொன்றே கால் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை தராசு நாற்பது என்று காட்டியது. அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்கட்டுமா என்று நான் தாதியிடம் கேட்டேன். அவர் அவளைத் தராசிலிருந்து கைபிடித்து இறக்கினார். கதிரையை இழுத்து என் மனைவிக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, குழாயைப் பற்றி ஆறுதலாகச் சொன்னார். நான் அவள் மறுத்துத் தலையாட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஓம்," என்றாள் அவள்.

தாதி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஏனப்பா?" என்று பிறகு கேட்டேன்.

"சனிக்கிழமை வாய்க்கு ருசி தெரிஞ்சது. ருசி தெரியுதெண்டால் இன்னும் கொஞ்சம் இருந்து பாப்பம்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பக்கத்து வீட்டு மனிசிக்கு என்ரை நிறை குறைஞ்சது எண்டு சொல்லாதேங்கோ. கூடினதெண்டு சொல்லுங்கோ. அந்த வயசிலை வந்திருந்து பாடுபட்டவ."

அவளை வார்ட்டில் படுக்க வைத்தார்கள். நான் தனியாக வந்தேன். ஹங்கேரிக்கார அம்மா வாசல் படலையில் நின்றிருந்தார். இரண்டு நாள் சோதனைக்காக மறித்திருக்கிறார்கள் என்றேன். "நிறை?" என்று கேட்டார். எண் விஷயத்தில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு கிலோ கூடியிருக்கிறது என்றேன்.

"ஒரு கிலோ!" என்றார். "முழுச் சுருளே இரண்டு கிலோதான் வரும். மிச்சத்தை நீ தின்றாயா?" சிரித்துக்கொண்டே உள்ளே போய் இன்னொரு பை அப்பிளோடு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை என் குசினி மேசையில், மனைவி முன்பு நின்ற இடத்தில் அவரே நின்று, முழங்கைகளால் மாவைத் தாங்கினார். பத்து ஓட்டை. சோதனை இன்னும் முடியவில்லை என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். ஒரு துண்டைத் தாளில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மூக்கில் குழாயோடு இருந்தவள் அதைச் சாப்பிட ஏலாது. கிட்டே கொண்டு வரச் சொல்லி மணந்து பார்த்தாள்.

"நல்லாயிருந்ததெண்டு சும்மா சொன்னால் நம்ப மாட்டா. கறுவா கூடிப் போச்செண்டு சொல்லுங்கோ," என்றாள்.

அதையும் வேலியடியில் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கறுவாவைத் தன் தாயார் போட்ட அளவுக்குத்தான் போட்டதாகச் சொன்னார். பிறகு, "சரி, அவள் சாப்பிடுகிறவள், அவளுக்குத் தெரியும்," என்றார்.

வியாழக்கிழமை விடிய என் மனைவி இறந்துபோனாள். சொல்வதற்காக நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவருடைய மேசையில் சனிக்கிழமைக்கான சீனி ஒரு கிண்ணத்திலும், பக்கத்தில் சின்னக் கிண்ணமொன்றில் கறுவாத் தூளும் இருந்தன. முன்பு போட்டதில் பாதிதான் இருந்தது. நான் ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் சொல்லி முடித்தேன்.

அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கிலோ கூடியது என்றாயே," என்றார்.