பச்சை மை பட்ட அச்சு

தெருவில் எல்லாருக்கும் அவள் மைவிரல் அக்கா. எப்போது பார்த்தாலும் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, சண்டை போட்டாலும் போகாது. “நேத்து நீலம், இன்னைக்குச் சிவப்பு. நாளைக்கு என்னக்கா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், “ஆண்டவன் எதைக் காட்டுறாரோ அது” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

வாழ்த்து அட்டை செய்வதுதான் அவள் தொழில். எல்லாம் கைவேலை. முன்னறையில் கணவரின் தையல் இயந்திரம் ஓடும். பின்னறையில் ஜன்னலை ஒட்டி இவளுடைய மேசை. ஸ்டென்சிலுக்கு இவள் கடையில் எதுவும் வாங்குவதில்லை. பழைய எக்ஸ்ரே தாளைக் கழுவிக் காயவைத்து, கட்டர் கத்தியால் இலையும் பூவும் குருவியுமாக வெட்டிக்கொள்வாள். தெருவில் யாராவது கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டால், கட்டுப் பிரித்த கையோடு எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். “என் முழங்கையில நல்லதா ஒரு ரோஜா வெட்டுங்கக்கா” என்று சொல்லிவிட்டும் போவார்கள். அந்தத் தாளை அட்டைமேல் வைத்து, ஸ்பாஞ்சில் கொஞ்சமாக மை தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மை ஓரத்துக்கு அடியில் புகுந்து இலை வீங்கிப்போகும்.

உள்ளே வரும் வாசகங்களுக்கு அச்சு. ரப்பரில் எழுத்துகளைச் செதுக்கி மரக்கட்டையில் ஒட்டியது. கட்டைகள் எல்லாம் ஒரே தச்சர் கழித்துப் போட்ட துண்டுகள். அதனால் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். கையால் எழுத மட்டும் மாட்டாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பேனாவைப் பிடித்தால் விரல் நடுங்கும். “என் கையெழுத்தா? கோழி கிளறின மாதிரி இருக்கும்” என்பாள். செதுக்குவது வேறு. அதில் அவசரம் இல்லை, யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதும் இல்லை.

தொழிலில் அவளுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. எந்த அச்சாக இருந்தாலும் முதல் குத்து குப்பைத் தாளில். இரங்கல் வாசகம் என்றால் சாம்பல் நிற மை மட்டும். அந்த அச்சை வேறு நிறத்தில் தொடவே மாட்டாள். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நிறம் காட்டுவது பாவம் என்பது அவள் எண்ணம்.

அவளுடைய தங்கையின் கணவர் மின்சாரக் கம்பம் ஏறும் வேலை செய்கிறவர். கம்பத்துக்காரர் என்றே பெயர். இடி இடிக்கும்போதுகூட உச்சியில் நின்று விசிலடிப்பார். ஊசியைக் கண்டால் மட்டும் முகம் வெளுத்துவிடும். அவருக்குப் பித்தப்பையில் கல். போன தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, “வீட்ல மோட்டாரை நிறுத்தாம வந்துட்டேன்” என்று சொல்லி எழுந்து போனவர் திரும்பவே இல்லை. அவர்கள் வீட்டில் மோட்டாரே கிடையாது. இந்தத் தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று. தங்கை அழுது, இவள் கெஞ்சி, தையல்காரர் அதட்டி, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சேரும் நாள் காலையில் தங்கை ஓட்டமாக உள்ளே வந்தாள்.

“அக்கா, அட்டை ரெடியா? சீக்கிரம் கொடு. அவரை வண்டியில உட்கார வச்சுட்டு வந்திருக்கேன். கொஞ்சம் அசந்தா இறங்கி ஓடிடுவாரு.”

வெளிப்பக்கம் தயாராக இருந்தது. பச்சைக் கிளை, அதில் ஒரு குருவி. உள்ளே வாசகம் மட்டும் பாக்கி.

“ராத்திரி பூரா தூங்கலக்கா. ‘நான் போயிட்டா நீ என்ன பண்ணுவே’ன்னு அதையே கேட்டுட்டு இருந்தாரு.” சொல்லும்போதே தங்கையின் குரல் உடைந்துவிட்டது.

அக்காவுக்குக் கண் நிறைந்து மேசையே மங்கலாகிப் போனது. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கைக்குப் பழகின இடத்தில் துழாவிக் கட்டையை எடுத்தாள், பச்சை மைத்திண்டில் அழுத்தினாள், அட்டைக்குள் குத்தினாள். ஈர மையின்மேல் மெல்லிய தாளைப் போட்டு மூடி, உறையில் செருகிக் கொடுத்தாள். “ஆண்டவன் பார்த்துக்குவாரு, தைரியமாப் போ.”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அச்சுகளைத் துடைக்க உட்கார்ந்தாள். ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தவளின் கை ஒரு கட்டையில் நின்றுவிட்டது. நலம் பெற வாழ்த்தும் அச்சு சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்துக் கட்டையில் பச்சை. பச்சை படவே கூடாத கட்டை.

நம்ப மனம் வராமல் குப்பைத் தாளில் குத்திப் பார்த்தாள். பச்சைப் பசேலென்று விழுந்தது: ‘ஆழ்ந்த இரங்கல். ஆன்மா அமைதியில் இளைப்பாறட்டும்.’

“ஐயோ, என்னங்க!”

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார். தாளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “இதுவா சகலைக்குப் போயிருக்கு?”

“கண்ல தண்ணி. பார்க்காமக் குத்திட்டேன். குப்பைத் தாள்ல ஒரு தடவை வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே!”

“தங்கச்சிக்கு போனைப் போடு.”

“போட்டு? அவ என்னைக்கு போனைக் காதுல வச்சிருக்கா? ஸ்பீக்கர்லதான் பேசுவா. நான் சொல்றதை முதல்ல அவருதான் கேட்பாரு.”

அதுவும் சரிதான். தையல்காரர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அக்கா சரியான அச்சு, மைத்திண்டு, கொஞ்சம் தாள், இருபக்கம் ஒட்டும் டேப் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

“சகலை இதைப் படிச்சாருன்னா ஆஸ்பத்திரி உடுப்போடயே கம்பத்துல ஏறிடுவாரு. அப்புறம் இறக்கறதுக்கு நாம ஆள் தேடணும்.”

“சிரிக்காதீங்க.”

“நான் எங்க சிரிக்கிறேன்? பயத்துல பல்லு தெரியுது.”

அவள் டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள். ஆண்டவனே, நான் குத்தினது அவர் கண்ணில் படக் கூடாது. அவர் எழுந்து போய்விடக் கூடாது. என் கவனக்குறைவுக்கு என் தங்கச்சி தாலியை விலையாகக் கேட்காதே.

ஆஸ்பத்திரிப் படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த அட்டைதான். கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலமாரியின்மேல், விரித்து, எல்லாரும் பார்க்கும்படி நிற்கவைத்திருந்தார்கள்.

“வாங்கக்கா!” கட்டிலில் கம்பத்துக்காரர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். “உங்க அட்டையைப் பத்திதான் பேசிட்டு இருந்தேன். எவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க! மனசுல இருந்த பாரமே இறங்கிடுச்சு.”

அக்கா அட்டையையே பார்த்தாள். தையல்காரர்தான் மெல்லக் கேட்டார். “என்ன எழுதியிருக்கு, சகலை?”

“உங்களுக்குத் தெரியாதா? கண்ணாடியை வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். அதை எடுக்கத்தான் உங்க மச்சினி போயிருக்கா. அதனால சிஸ்டரைப் படிக்கச் சொன்னேன். ‘பயப்படாதீங்க. ஆண்டவன் உங்க பக்கத்துல இருக்காரு. நாங்க எல்லாரும் வாசல்லயே நிக்கிறோம். தூங்கி எழுந்து வாங்க.’ மூணு தடவை படிக்கச் சொல்லி மனப்பாடமே பண்ணிட்டேன். கண்ணாடி வந்ததும் நானே ஒரு தடவை படிக்கணும்.”

பக்கத்துக் கட்டிலில் சொட்டு மருந்தைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ் திரும்பி அக்காவைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். அதில் எல்லாம் இருந்தது.

அக்கா அட்டையைக் கையில் எடுத்தாள். “தம்பி, இதுல மை சரியாக் காயல. இப்படியே விட்டா இழுத்துக்கும். அஞ்சு நிமிஷம் காத்தாட வச்சுக் கொண்டு வரேன்.” பொய்தான். ஆண்டவன் மன்னிப்பார் என்று நினைத்தபடி அட்டையோடு வெளியே வந்தாள்.

நர்ஸ் பின்னாலேயே வந்தாள். “நீங்கதான் அனுப்பினதா? பிரிச்சுப் பார்த்தா இரங்கல் வாசகம். மனுஷன் ஆவலா முகத்தையே பார்த்துட்டு இருக்காரு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.”

“நீ நல்லாயிருக்கணும் தாயி.” அக்கா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அதெல்லாம் அப்புறம். கண்ணாடி வர்றதுக்குள்ள மாத்துங்க.”

நடைபாதை ஜன்னல் திண்டில் டப்பாவைத் திறந்தாள். நலம் பெறும் அச்சைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. அதில் இருப்பது ‘விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்.’ அவர் மனப்பாடம் செய்திருப்பது வேறு. இதைக் குத்திக் கொடுத்தால் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார். பிடித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் கால் தானாக வாசலைத் தேடும்.

“கையாலதான் எழுதணும்” என்றார் தையல்காரர்.

“நீங்க எழுதுங்க.”

“என் எழுத்து அளவு எழுதற எழுத்து. எனக்கே சில நேரம் புரியாது. நீயே எழுது.”

நர்ஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அக்கா தாளை விரித்தாள். நர்ஸ் தான் சொன்னதையே வார்த்தை வார்த்தையாகச் சொல்ல, அவள் எழுதினாள். முதல் தாளில் ‘பயப்படாதீங்க’ என்று எழுதுவதற்குள்ளேயே கை நடுங்கிக் கெட்டுவிட்டது. “எழுதறவங்களே இப்படிப் பயந்தா எப்படி?” என்றாள் நர்ஸ். இரண்டாவது தாளில் ஒவ்வொரு எழுத்தையும் செதுக்குகிற மாதிரியே நிதானமாக இழுத்தாள். வரி மேலே ஏறிக் கீழே இறங்கியது. ஆனாலும் படிக்க முடிந்தது. அளவாக வெட்டி, பச்சை வாசகத்தின்மேல் ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அடியில் பச்சை நிழலாடியது. பிரித்து, நடுவில் இன்னொரு கெட்டித் தாளை வைத்து மறுபடி ஒட்டினாள். இப்போது ஒன்றும் தெரியவில்லை.

படிக்கட்டில் தங்கையின் செருப்புச் சத்தம். “என்னக்கா, இங்க நின்னு என்ன பண்றே?”

“மை காயல.”

கம்பத்துக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வாங்கினார். உதடு அசைய, மெதுவாகப் படித்தார். நர்ஸ் தலையணை உறையை மாற்றுகிற சாக்கில் அங்கேயே நின்றாள்.

“எப்பவும் அச்சுதானே குத்துவீங்க, அக்கா?”

“உங்களுக்குன்னு கையால எழுதினேன், தம்பி.” இதில் பொய் ஒரு துளியும் இல்லை.

“அதான் வரியெல்லாம் தொய்ஞ்ச கம்பி மாதிரி தொங்குது!” வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அட்டையை மூடி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். “நாளைக்கு நிஜமாவே வாசல்ல நிப்பீங்கதானே?”

“நிப்போம்.”

மறுநாள் காலையில் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். எழுந்து ஓடவில்லை, சாக்குச் சொல்லவில்லை. கதவு மூடும்போது, “வாசல்ல” என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

அக்கா நின்றாள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. தையல்காரர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “கால் வலிக்கும். கொஞ்சம் உட்காரேன்.”

“நிக்கிறோம்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“அவருக்கு உள்ள மயக்கம். யாரு பார்க்கப் போறா?”

“பார்க்கிறவர் பார்ப்பாரு.”

தையல்காரரும் பக்கத்தில் வந்து நின்றார். தங்கையும் நின்றாள். போவோர் வருவோரெல்லாம், காலியான பெஞ்சை விட்டுவிட்டுச் சுவரோரம் வரிசையாக நிற்கிற மூன்று பேரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

கதவு திறந்தது. அதே நர்ஸ். முகத்துணியைக் கீழே இறக்கினாள். “முடிஞ்சது. கல்லை எடுத்தாச்சு. நல்லா இருக்காரு. கண்ணு முழிச்சதும் முதல் கேள்வியே, ‘நிக்கிறாங்களா’ன்னுதான்.”

“நிக்கிறோம்னு சொல்லும்மா” என்ற அக்கா, சொல்லி முடித்ததும் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தாள். தங்கை அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்து மூக்கை உறிஞ்சுகிற நேரம் பார்த்து அக்கா விஷயத்தைச் சொன்னாள். குப்பைத் தாளில் குத்தாமல் விட்டது, பச்சை மை, அந்த வாசகம், ஒட்டின தாள், எல்லாம்.

தங்கை வாயைப் பிளந்தபடி கேட்டாள். பிறகு அக்காவின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். “அடிப்பாவி! உயிரோட இருக்கிற மனுஷனுக்கா!” சொல்லும்போதே சிரிப்புப் பொத்துக்கொண்டது. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. வாயைப் பொத்தினாலும் அடங்கவில்லை. தையல்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கினார்.

நர்ஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். “மெதுவா, மெதுவா. இது ஆஸ்பத்திரி” என்றவள், தானும் சிரிப்பை அடக்க முடியாமல் சட்டென்று கதவை மூடிக்கொண்டாள்.