ஒட்டு இலந்தையின் துணை மரம்

இலந்தைப் பூவுக்கு நல்ல மணம் கிடையாது. ஊறிய தவிடுபோல ஒரு வாடை, அதைத் தேடிவரும் ஈக்கூட்டம். ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் காரைக்கால் வீட்டுக் கொல்லையில் நிற்க முடியாது. "பழம் வேணும்னா ஈயைப் பொறுத்துக்க" என்பாள் உம்மா. வாப்பா துபாயில் இருந்த அந்த ஆண்டுகளில், கோழிமுட்டைப் பருமனில் காய்த்த அந்த "ஒட்டு இலந்தை"தான் அவளுடைய பெருமை.

மதிலுக்கு அப்பால், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுத் தனியாக வாழ்ந்தவரை, சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லால் "சொல்தா மாமா" என்போம். அவர் வீட்டில் புளிப்பும் முள்ளுமாக ஒரு நாட்டு இலந்தை நின்றது. பத்து வயதில் நான் பள்ளிக்கூடத்துக் கம்பிவேலியில் ஏறிப் புதுப் பாவாடையைக் கிழித்துக்கொண்டு, அடிக்குப் பயந்து, மதில்மேல் சாய்ந்திருந்த அவர் மரத்து முள்மீது பழியைப் போட்டேன். உம்மா மதிலோரம் நின்று சத்தம் போட்டாள். "புள்ளைக்குக் குத்துற மரம் எதுக்குங்க" என்ற மாமா, மறுநாளே ஆள்வைத்து அதை அடியோடு வெட்டிவிட்டார்.

அடுத்த ஆவணியில் எங்கள் மரம் வழக்கம்போலப் பூத்தது, ஈ மொய்த்தது. ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்காமல் பூவெல்லாம் உதிர்ந்தது. உம்மா எரு வைத்தாள், கண்ணேறு என்றாள், கடைசியில் கன்று விற்றவரையே வரவழைத்தாள்.

"இது தன் பூந்தாதுல காய்க்காதுங்கம்மா. பக்கத்துல வேற ரகம் பூத்து, ஈ அங்கேருந்து தாது கொண்டாரணும். முன்ன ஏதும் மரம் இருந்துச்சுங்களா?"

உம்மா மதிலைப் பார்த்தாள். நான் அங்கே நிற்க முடியாமல் உள்ளே ஓடினேன்.

நுனிக்கிளையில் பிந்திய பூக்கள் கொஞ்சம் மிச்சமிருந்தன. மறுநாள் சைக்கிளில் மண்டபத்தூர்ப் பக்கம் போய், பூத்திருந்த காட்டு இலந்தைக் கொத்துகளை ஒடித்துவந்து, தண்ணீர் பாட்டிலில் செருகி அந்தக் கிளையில் கட்டினேன். மதிலுக்கு மேலே மாமாவின் தலை தெரிந்தது.

"என்னம்மா பண்றே?"

"உங்க முள்ளு கிழிக்கல மாமா. பள்ளிக்கூட வேலியில கிழிஞ்சிச்சு."

"உம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றார்.

அந்த ஒரு கிளையில் மட்டும் ஏழெட்டுப் பழம் நின்றது. மாமா பிறகு பிரான்சில் இருந்த மகளிடம் போய், அங்கேயே காலமானார். நாங்கள் மாடி எடுத்தபோது ஒட்டு மரமும் மதிலும் போயின. இன்றும் சந்தையில் கூறுகட்டிய இலந்தைப் பழத்தைக் கண்டால் உம்மா நின்றுவிடுகிறாள். "என் வாயாலதான் அந்த மனுசன் நல்ல மரத்தை வெட்டுனாரு" என்கிறாள். நாற்பதைக் கடந்த நான், பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "வா உம்மா, பஸ் வந்துரும்" என்கிறேன்.