பாலத்தின் மேல் சேவுப் பொட்டலத்தோடு காத்திருந்தவர்

என் எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். போன வருடம் வரை கைநாட்டு வைத்தவன் ஒரு முழுத் தாளை நிரப்பப் போகிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

முதியோர் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சங்கரலிங்கம் அண்ணாச்சி இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை அவர் மகள் போனில், “மாமா, அப்பா தூக்கத்துலயே போயிட்டாக” என்றாள்.

அவர் காலண்டர் அச்சகத்தில் தாள் வெட்டியவர். “அம்புட்டு காலண்டர் வெட்டிருக்கேன், ஒரு மாசத்துப் பேரு வாசிக்கத் தெரியலையேலே” என்று வகுப்பில் முதல் நாளே எல்லாரையும் சிரிக்க வைத்தார். வகுப்புக்கு அவர் கியர் சைக்கிளில் வருவார். அதைப் பார்த்து, என் மகன் வாங்கிச் சும்மா சாத்தி வைத்திருந்த கியர் சைக்கிளை நானும் வெளியே எடுத்தேன்.

எடுத்தேனே தவிர, செயின் கழன்று கழன்று விழுந்தது. நான் எம். புதுப்பட்டியில் பட்டாசு மருந்து கலந்தவன். மருந்து அறையில் எதுவும் உரசக் கூடாது. உரசும் சத்தம் கேட்டால் கை கால் அப்படியே நின்றுவிடும். கியரைத் தட்டியதும் செயின் கடகடவென்று உரசும். என் கால் மிதிப்பதை நிறுத்திவிடும். ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்த பல்லுக்குப் பாதி ஏறிய செயின் அடுத்த மிதியில் விழுந்துவிடும்.

“வண்டி ஓட்டையா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. ஏலே, இது வெடிக்காதுலே! உரசித்தான் பல்லு மாறும். காலை நிறுத்தாத, அமுக்கவும் செய்யாத. சும்மா சுத்திக்கிட்டே இரு.”

லோடு சைக்கிள் ஓட்டிப் பழகிய எனக்கு எழுந்து நின்று அழுத்தத்தான் தெரியும். ஒரு நாள் அச்சங்குளம் பக்கம் போனபோது எதிர்காற்றில் அப்படித்தான் மூச்சு வாங்கினேன். அவர் பின்சக்கரத்தில் பெரிய பல்லுக்கு மாற்றி, லேசாகக் காலைச் சுழற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். “காத்தும் மேடுதாம்லே, கண்ணுக்குத் தெரியாத மேடு” என்றார். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளியது. சின்னப் பல்லுக்கு இறக்கி, “இப்பக் கனத்த கியரு. காத்து ஓசியில கூட்டிட்டுப் போகுது” என்று பறந்தார். கடைத்தெருவில் நிற்க வேண்டியிருந்தால், நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிடுவார். பின்னால் கட்டிய தண்ணீர் கேனோடு மறுபடி கிளம்பும்போது வண்டி தள்ளாடாது.

என் வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவில் ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. ஒரு நாள்கூட நான் இறங்காமல் அதை ஏறியதில்லை. பாதி மேட்டில் முட்டி வலிக்கும்போதுதான் கியர் ஞாபகம் வரும். முழுப் பாரத்தையும் மிதியில் வைத்துக்கொண்டு மாற்றினால் செயின் கிறீச்சிடும். பயந்து இறங்கித் தள்ளுவேன். அவர் உச்சியில் கட்டைச் சுவரில் உட்கார்ந்து சேவு தின்றுகொண்டிருப்பார்.

“வந்துட்டீகளா தொரை? சேவு தீந்து போச்சு!”

“நீங்க தின்னா தீராம என்ன செய்யும்?”

“மேட்டுல நின்னு கியரத் தேடாத. மேடு தெரியும்போதே மாத்திரு. ஒரு நாளாச்சும் எறங்காம வாலே, சேந்து திம்போம்.”

செவ்வாய்க்கிழமை அவரைப் பார்க்க அந்தப் பாலத்தின் வழியாகத்தான் போனேன். மேடு தெரிந்ததும் கியரைத் தட்டினேன். செயின் உரசியது. கால் நிற்கவில்லை. அழுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். முட்டி வலிக்கும் இடமும் கடந்துபோனது. இறங்காமல் உச்சிக்கு வந்துவிட்டேன். கட்டைச் சுவரைப் பார்த்தேன். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, உரசும் சத்தம் கேட்டும் நிற்காத இந்தக் கால்தான்.

அடுத்த வாரம் ஒரு பொட்டலம் சேவு வாங்கிக்கொண்டு அந்தச் சுவரில் உட்காரப் போகிறேன். தாளும் பேனாவும் கொண்டுபோவேன். பாலம் ஏறிய கதையை அங்கேயே உட்கார்ந்து, இந்த முறை அவருக்கே எழுத வேண்டும்.