மூன்று சுரங்கம், ஒரே அதிர்வு

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கிறது என்று என் தங்கை சொல்வாள். உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்தால் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதை மார்தட்டிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போது நான் தங்கச் சுரங்கத்து சர்வே ஆபீசில் படம் வரைகிறவன். பூமிக்கடியில் எங்கெங்கே வெட்டியிருக்கிறது என்று மையால் பிரதி எடுப்பது வேலை. ஆழம் போகப் போகப் பாறை தானாகவே வெடிக்க ஆரம்பித்திருந்த காலம் அது. வெடிமருந்தும் இல்லை, திரியும் இல்லை, திடீரென்று பீரங்கிச் சத்தம்! மேலே நாங்கள் குடியிருந்த ஆண்டர்சன்பேட்டையில் அடுக்குப் பானை உருளும். ஏன் என்று கேட்டால் துரைமார் அடைபட்ட காற்று என்பார்கள், எங்கள் ஆட்கள் பூமிக்குக் கோபம் என்பார்கள். இதற்கென்று ஒரு படிப்பு நாங்கள் அறிந்த எந்தக் காலேஜிலும் கிடையாது.

ஒவ்வொரு சுரங்கமும் வெடிப்பைத் தன் நோட்டில் குறித்துப் பூட்டி வைக்கும். பக்கத்துச் சுரங்கத்துக்குப் படத்தைக் காட்டுவது பெண்டாட்டி தாலியை இரவல் கொடுக்கிற மாதிரி. அந்த நேரத்தில்தான் இஞ்சினியர்களும் சர்வேயர்களும் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். மாதம் ஒரு சாயங்காலம் கட்டுரை படிப்பார்கள், வாய்ச்சண்டை போடுவார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தவன்தான். ஆனால் அடுத்தடுத்த மூன்று சுரங்கங்களும் தங்கள் நோட்டைச் சங்கத்துக்குத் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள் பாருங்கள், அசந்துபோனேன். எல்லாவற்றையும் ஒரே படத்தில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது.

என் தங்கை புருஷன் கீழே பாறைக்கு மரமுட்டுக் கொடுக்கும் கூட்டத்தில் இருந்தார். எங்கள் சுரங்கமும் பக்கத்துச் சுரங்கமும் சேரும் எல்லையோர லெவலில், அதாவது அந்த ஆழத்தில் குடைந்த தளத்தில், அவருக்கு வேலை. "இன்னா மச்சான், துரைமாருங்க கச்சேரி முடிஞ்சுதா?" என்று கிண்டலடிப்பார். எனக்கோ அவர் தலைக்குமேல் இருக்கும் பாறையே நினைப்பு.

படம் முடிந்தது. எல்லைப் பக்கம்தான் குறிகள் நெருக்கமாக விழுந்திருந்தன என்று எனக்குப் பட்டது. கூட்டத்தில் ஒரு பெரிய இஞ்சினியர் எழுந்தார். மூன்று நோட்டிலும் நேரம் ஒத்துப்போகவில்லை, ஆகவே எல்லாம் தனித்தனி வெடிப்பு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, படத்தைக் கைவிடலாம் என்றார். படம் போனால் எல்லையோர லெவலில் வேலை அப்படியே நடக்கும். என் தங்கை மாப்பிள்ளை அங்கேயே இருப்பார். சுவரோரம் நின்றிருந்த எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஐயா, இங்க ஆறு மணிச் சங்கு மூணு வாட்டி ஊதுதுங்க! ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒவ்வொரு கடியாரம். ஒரே வெடிப்பை மூணு நேரத்துல எழுதியிருக்குது!" என்று கத்திவிட்டேன்.

ஊருக்கே தெரிந்த சங்கதி. தினமும் மூன்று சங்கும் காதில் விழ, அந்த நேரங்களை மாதக்கணக்காக அப்படியே பிரதி எடுத்த மடையன் நான்தான். வேலை போச்சு என்று நினைத்தேன். சங்கத் தலைவரோ தன் சட்டைப்பைக் கடியாரத்தைக் கழற்றி நீட்டி, "நிரூபித்துக் காட்டு" என்றார்.

மறுநாள் மாரிகுப்பம் ஸ்டேஷன் நேரத்துக்கு முள்ளைத் திருப்பிக்கொண்டு மூன்று சுரங்கத்துக்கும் நடந்தேன். என்னை வாசலிலேயே விரட்டுகிற காவல்காரர்கள் சங்கத்தின் சீட்டைப் பார்த்து வழிவிட்டார்கள். ஒரு சுரங்கத்தில் ரயில் நேரம். இன்னொன்றில் வெயிலைப் பார்த்து வைத்த உள்ளூர் நேரம். மூன்றாவதில், ஆட்கள் சீக்கிரம் வரவேண்டுமென்று வருஷக்கணக்காக வேண்டுமென்றே முந்தி வைத்திருந்தார்கள். அடப்பாவிகளா!

வித்தியாசத்தைக் கழித்து மறுபடி வரைந்தேன். மூன்று மூன்றாக இருந்த குறிகள் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. பெரிய வெடிப்பெல்லாம் எங்களுக்கும் பக்கத்துச் சுரங்கத்துக்கும் நடுவே விட்டிருந்த எல்லைச் சுவரை ஒட்டியே வந்தது. ஒரே பாறைச் சுவரை இரண்டு சுரங்கமும் இரண்டு பக்கத்திலிருந்து தின்றுகொண்டிருந்தன, ஒருவருக்கொருவர் தெரியாமல். அடுத்த கூட்டத்தில் இரண்டு மேனேஜர்களும் ஒரே மேஜையில் குனிந்து அதைப் பார்த்தார்கள். அந்த லெவலில் வேலையை நிறுத்தினார்கள். கடியாரங்களையும் ஒன்றாக்கினார்கள். கட்டுரை அச்சானது. கண்காணாத தேசத்துச் சுரங்கங்களிலிருந்து, நீங்கள் எப்படிக் குறிப்பெடுக்கிறீர்கள் என்று கேட்டு சங்கத்துக்குக் கடிதம் வந்தது. ஆளுக்கொரு பேச்சாக இருந்தது ஒரு படிப்பாக மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். அதில் என் மையும் இருக்கிறது.

மாப்பிள்ளைக்குத்தான் என்மேல் கடுங்கோபம். அவரை மாற்றிவிட்ட லெவலில் சூடு தாங்கவில்லையாம். "உங்க படம் என் பொழப்பைக் கெடுத்துது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

ஒரு நாள் பகல் ஷிப்டு நேரத்தில் தரை தூக்கிப்போட்டது. ராத்திரி வேலை முடித்து வீட்டிலிருந்த மாப்பிள்ளை, ஆட்கள் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடினார். சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எங்க பழைய லெவல்தான் மச்சான். ஒரு முட்டு மிச்சமில்ல."

"ஆளுங்க?"

"ஒருத்தரும் இல்ல. மூடி வெச்ச இடமாச்சே." பிறகு, "அந்தப் படத்தை எனக்குக் காட்டுங்க" என்றார்.

மறுநாள் ஆபீசுக்குக் கூட்டிப்போய் விரித்தேன். எழுதப்படிக்கத் தெரியாதவர், ஷாஃப்டிலிருந்து விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்கதான் மச்சான் நாங்க எல்லாரும் உக்காந்து சோறு துன்னுவோம்" என்றார். விரலை எடுக்கவே இல்லை.