உயிரோடு இருந்தால் என்று சொல்லிப் பூசிய எண்ணெய்

அப்பா விண்ணகம் சேர்ந்தார் என்று இந்த நினைவு மலரின் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சகத்தில் எல்லாருக்கும் போடுகிற வரி அது. சேர்ந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் இந்த ஒரு வருஷமும் போயிற்று. முதலாண்டு பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அப்பாவின் ஒரே மகளாகிய நான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நினைவு மலரில் இதையெல்லாமா எழுதுவார்கள் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற ஊரில் பிறந்தவர் அப்பா. சிறுவயதிலேயே தாயைப் பறிகொடுத்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு விழுப்புரத்தில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையைக் கற்றார். பிறகு திண்டிவனத்தில் சொந்தமாகக் கடை போட்டார். பயிர் காய்கிறதே என்று கத்திக்கொண்டு வருகிறவர்களிடம், "பேஜாராவாதீங்க, சாயங்காலம் தண்ணி பாயும்" என்பார். பாயும்.

முதலில் அவருக்கு மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் சில மாதங்களிலேயே தாய்வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் இன்றும் நலமாக இருக்கிறார், அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. பல வருஷம் தனியாக இருந்த அப்பா, திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மாவைச் சேர்த்துக்கொண்டார். அம்மா கும்பிடுவது வேறு சாமி. முதல் மனைவி உயிரோடு இருக்கையில் இது திருச்சபைக்கு முன் கல்யாணமே அல்ல. அன்று முதல் அப்பா பூசையில் கொடுக்கும் ஆண்டவரின் அப்பமாகிய நன்மையை வாங்கக் கூடாது, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் மன்னிப்புக் கிடையாது. நான் பிறந்தது அந்த வீட்டில்தான்.

ஆனாலும் ஒரு ஞாயிறு பூசையையும் அவர் விட்டதில்லை. கோயிலுக்குள் வராமல் செருப்பு விடும் இடத்தில் நிற்பார். எல்லாரும் நன்மை வாங்கப் போகும்போது அங்கேயே மண்ணில் முட்டி போடுவார். எனக்குப் புதுநன்மை கொடுத்த அன்று, "வாங்கிக்கினு நேரா எங்கிட்ட வந்து நில்லும்மா" என்றார். போய் நின்றேன். என் முன்னால் முட்டி போட்டுக் கும்பிட்டார். என் நெஞ்சுக்குள் இருக்கும் ஆண்டவரைக் கும்பிட்டிருக்கிறார் என்று பின்னால்தான் விளங்கியது. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வயது வந்த பிறகு சண்டை பிடித்தேன். "ஏம்பா, அவங்க வுட்டுட்டுப் போனதுக்கு நீ ஏன் வெளிய நிக்கணும்? இன்னா சட்டம் இது?"

"சட்டத்துல தப்பில்லம்மா. ஆண்டவரு ஒன்னு சேத்தாரு, நான் வேற செஞ்சேன். உங்கம்மாவ வுட்டுட்டு வரவும் மனசில்ல. அப்ப நான் எங்க நிக்கறது?" என்றார்.

போன வருஷம் தவக்காலத்தில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஒருநாள் அம்மாவிடம், இனி அண்ணன் தங்கச்சியாக இருந்துவிடலாம், அப்படி வாக்குக் கொடுத்தால் பாஸ்கா என்கிற ஈஸ்டருக்குள் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கலாம் என்று பங்குச்சாமியார் சொன்னதாகச் சொன்னார். "அடப்போய்யா, இந்த வயசுல வேற எப்டி இருக்கப் போறோம்?" என்று அம்மா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே நுரையீரலில் நீர் கோத்து, விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்கேன் படம் வாங்க நான் வெளியே போயிருந்தபோது அப்பா சாமியாரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. நம் சனங்களுக்கு இந்த ஒரு பைத்தியம் இருக்கிறது: சாகக் கிடப்பவருக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயோடு சாமியார் வந்தால் ஆள் பிழைக்கமாட்டார். "அவஸ்தை குடுத்தா பயத்துலயே போயிடுவாரு. ஒடம்பு தேறட்டும், வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்" என்று சித்தப்பா தடுத்துவிட்டார். சித்தப்பா இதைப் படிப்பார். படிக்கட்டும்.

நான் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு நினைவில்லை. அம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. போன் போட்டேன். சாமியார் கெடார் பக்கம் ஒரு கிராமத்தில் பூசையில் இருந்தார். முடிந்ததும் பைக்கில் ஜல்தியாகத்தான் வந்தார், பாவம், உடுப்பெல்லாம் புழுதி. அதற்குச் சற்று முன்னால்தான் டாக்டர் நாடி பார்த்து, உயிர் போய்விட்டது என்று கையை விரித்துவிட்டுப் போயிருந்தார்.

சாமியார் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. "நீர் உயிரோடு இருந்தால்" என்று தொடங்கிப் பாவமன்னிப்புச் சொன்னார். "நீர் உயிரோடு இருந்தால்" என்று சொல்லியே எண்ணெயும் பூசினார்.

"சாமி, அப்பாவுக்குப் போய்ச் சேந்திச்சா?" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா. ஆத்துமா எந்த நேரம் உடம்ப விட்டுப் போவுதுன்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் அப்படிச் சொல்லிப் பூசுறோம்" என்றார். பொய் சொல்லித் தேற்றாமல் விட்டாரே, அதற்காக அவரைக் கும்பிடுகிறேன்.

நரகத்துக்குப் பயந்து பாவத்துக்காக வருந்துகிற மனஸ்தாபம் பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்தால் போதும். சாமியார் கிடைக்காத இடத்தில் அது போதாது. ஆண்டவர்மேல் வைத்த அன்பினால் மனம் நொந்திருக்க வேண்டும். ஞானோபதேச வகுப்பில் கடகடவென்று ஒப்பித்துப் பரிசு வாங்கிய பாடம் இது. இன்று இதுதான் என்னைக் கொல்கிறது. அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று அம்மாவைத் துளைத்தெடுக்கிறேன். "பயமா இருக்குது, ஆண்டவரு மனச ரொம்ப நோவடிச்சிட்டேன்" என்றாராம். முன்னது பயம். பின்னது அன்புதானே? சொல்லுங்களேன், அன்புதானே? எந்தக் குரலில் சொன்னார் என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. "எத்தினி வாட்டிடி கேப்ப? அழுதுகினு சொன்னாரு, அவ்ளோதான். அவரு அந்த சாமிய ஒரு நாளும் கொற சொன்னதில்ல. அது மட்டும் இவர கொற சொல்லுமா?"

ஆண்டவரே, அம்மாவின் கேள்விக்கு நீர் பதில் சொல்லும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், கல்லறை வரை தூக்கி வந்தவர்களுக்கும், கடையை மூடவிடாமல் பார்த்துக்கொண்ட தொழில் நண்பர்களுக்கும், துக்கம் விசாரிக்க வந்து அம்மாவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நடத்திய பங்கு மக்களுக்கும் எங்கள் நன்றி. ஒரே ஒரு மன்றாட்டு. "அப்பா மோட்சத்துலதான் இருக்காரு, அழாதம்மா" என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு எல்லாரும் வேண்டிக்கொள்வதை நிறுத்திவிட்டீர்கள். மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமா வெந்து சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவர் கிடந்தால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அங்கேயாவது அவர் இருக்க வேண்டுமே என்றுதான் தினமும் கெஞ்சுகிறேன். இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் அவருக்காக மாதாவிடம் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.

சித்தப்பா, அண்ணன் செத்துப்போய்விடுவாரே என்ற பாசத்தில்தான் தடுத்தீர்கள், தெரியும். ஒரு வருஷமாக நான் உங்களோடு பேசவில்லை. அப்பாவின் கல்லறைக்கு வாருங்கள், நான் அங்கே இருப்பேன். மந்திரத்தை நீங்கள் தொடங்குங்கள், நான் முடிக்கிறேன்.