பாத்திரம் வைத்த பக்கம்

கோயில்பிள்ளை வேலை என்பது எல்லோருக்கும் முந்திப் போய் எல்லோருக்கும் பிந்தித் திரும்புகிற வேலை. நடுவில் நடக்கிற ஆராதனையை மட்டும் அவன் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

அறுபதுகளில் கடலூரில் ஒரு சின்னக் கிறிஸ்தவ சபையில் நான் அந்த வேலையில் இருந்தேன். கூட்டுவது, பாய் விரிப்பது, மணி அடிப்பது, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது, இராப்போஜனத்துக்கு அப்பமும் திராட்சரசமும் எடுத்து வைப்பது, கடைசியில் கதவைப் பூட்டுவது எல்லாம் என் பொறுப்பு. ஏதாவது தப்பு நடந்தால் அதுவும் என் பொறுப்பு.

அப்பா எனக்கு யோபு என்று பேர் வைத்தார். எங்கள் வேதத்தில் யோபு பொறுமைக்குப் பேர் போனவர். பேர் வந்தது, பொறுமை வரவில்லை. பத்துப் பேர் கூடுகிற இடத்தில் பாய் விரித்துச் சுருட்டிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், பள்ளிக்கூடப் பியூனோ கல்யாண வீட்டில் பந்தி பார்த்தவரோ யாராக இருந்தாலும் சரி, கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

காசிம் பாயின் கடிகாரம்

சபைக்குக் கடிகாரம் கிடையாது. எனக்கும் கிடையாது. எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த காசிம் பாயின் சுவர்க்கடிகாரம்தான் எங்கள் சபையை நடத்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காகவே அவர் சீக்கிரம் கடை திறப்பார். நான் கோயில் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, ஏழரைக்கு முதல் மணி அடிப்பேன்.

ஒரு சனிக்கிழமை பாய் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டிருக்கிறார். திரும்ப முள்ளை வைக்கும்போது ஒரு மணி நேரம் கூட்டி வைத்துவிட்டார். நான் ஒரு தடவை வெயிலைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஆறரைக்கே மணியை இழுத்து அடித்தேன். பாதித் தலை வாரியும் வாராமலும் சபை ஓடி வந்தது. போதகர் ஐயா அங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தார். சுகிர்தம் டீச்சர் காப்பி குடிக்காமல் வந்திருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். சபையில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர், எனக்கும் சேர்த்து. ஆராதனை முடியும்வரை என் மேல் வைத்த கண்ணை அவர் எடுக்கவில்லை.

ஓடி வராத ஒரே ஆள் அன்னம்மா. அவள் மணிக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை அவளுக்கு. ஊர் விழிப்பதற்குள் தெருவையும் கக்கூசுகளையும் முடித்துவிட்டு, குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்து, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்துப் பாயில் உட்காருவாள். அங்கே உட்கார் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. உள்ளே வந்து உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை. அன்று மத்தியானம் நான் சைக்கிள் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். பாய் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: "நேரம் என்னுது, மணி உன்னுது யோபு. வாங்கின திட்டுல பாதிய எனக்கு அனுப்பிடு, மீதிய நீ வச்சிக்க."

மறந்துபோன பலகை

பாட்டு எண் பலகையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சுவரில் ஒரு மரப்பலகை, அதில் எண் எழுதிய அட்டைகளைச் செருக வேண்டும். சபையார் அதைப் பார்த்துத்தான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். பலகையில் இருப்பதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். போதகர் ஐயாகூடக் கேட்கமாட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கல்யாணம், மறுநாள் சாயங்காலம் அடக்கம். இறந்தவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த பெரியவர். நான் பாய் விரித்தேன், சவப்பெட்டிக்கு மேஜை போட்டேன், பலகையை மாற்ற மறந்தேன். போதகர் ஐயா நிமிர்ந்து பார்த்து எண்ணை வாசித்தார். சபை எழுந்து நின்று, மணமக்களை வாழ்த்துகிற பாட்டை முதல் அடியிலிருந்து கணீரென்று பிடித்தது. இரண்டாவது அடியில் சிலருக்கு உறைத்தது. ஆனால் தொடங்கிய பாட்டை நடுவில் விட்டால் மரியாதை இல்லை என்று கடைசி அடிவரை பாடி முடித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

எல்லாம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அந்தப் பெரியவரின் மனைவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். அழுது வீங்கிய முகத்தோடு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "எங்க கல்யாணத்துல அதைத்தாம்பா பாடினாங்க. போறப்பவும் அவருக்கு அதைப் பாடணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு?"

சனிக்கிழமைப் பேர்

எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு இராப்போஜனம், அதாவது ஆண்டவரின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற ஆராதனை. அதில் சேருகிறவர்கள் முந்தின நாளே பேர் கொடுக்க வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு நான்தான் வீடு வீடாகப் போவேன். நோட்டில் எத்தனை பேரோ அத்தனை அப்பம். திராட்சரசத்துக்கு வெள்ளிப் பாத்திரம் ஒன்றே ஒன்று. பீடத்துக்கு முன்னால் உள்ள மரக்கிராதி ஓரம் பத்துப் பத்துப் பேராக முழங்காலில் நிற்பார்கள். எல்லோரும் அந்த ஒரே பாத்திரத்தில்தான் வாய் வைத்துக் குடிப்பார்கள்.

மற்ற ஊர்களில் ஆண்கள் முதலில் போவார்கள். எங்கள் சபையில் பெண்கள் முதலில். அது சுகிர்தம் டீச்சர் ஏற்பாடு. பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டாமா என்று காரணம் சொல்லி ஐயாவைச் சம்மதிக்க வைத்தார். உண்மைக் காரணம் சபைக்கே தெரியும். வேறு வாய் படுவதற்குள் குடித்துவிட வேண்டும் அவருக்கு. முதல் வரிசையில் இடது கோடி அவருடைய இடம். பக்கத்தில் அவருடைய தங்கை. டீச்சருக்கு முட்டி வலி என்பதால் எழுந்திருக்கத் தங்கைதான் கை கொடுப்பார்.

அன்னம்மா ஞானஸ்நானம் வாங்கி மூன்று வருஷம் ஆகியும் ஒரு தடவைகூடப் பேர் கொடுக்கவில்லை. மாதாமாதம் கேட்பேன். அடுத்த மாசம் பார்க்கலாம் என்பாள். ஒரு சனிக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாமியோடு உனக்கு என்ன வழக்கு என்று சத்தம் போட்டேன். அப்போதுதான் சொன்னாள். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சரி. தான் வாய் வைத்த பாத்திரத்தில் அடுத்த ஆள் வாய் வைப்பாரா, முகம் சுளித்துவிட்டால் அதற்கப்புறம் எந்த முகத்தோடு கோயிலுக்கு வருவது என்று கேட்டாள். ஐயாவிடம் சொல்லி ஒரு பிரசங்கம் செய்யச் சொல்கிறேன் என்றேன். தன்னைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் ஊரை விட்டே போய்விடுவேன் என்றாள். அப்படியானால் கடைசி ஆளாக வந்துவிடேன், உனக்கப்புறம் யாரும் இல்லையே என்று பெரிய யோசனை ஒன்றைச் சொன்னேன். கோயில் வாசலில் 'அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்' என்று ஒரு பலகை உண்டு. வருஷா வருஷம் அதற்கு வர்ணம் பூசுகிறவனும் நான்தான். அன்னம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கடைசியாத்தான் வரணும்னா, நான் வாசல்லயே இருந்துக்கறேண்ணே."

பதினேழு பேருக்கு ஒரு டம்ளர்

சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு குட்டிச் சபை இருந்தது. ஒரு ரயில்வே கேங்மேன் குடும்பம், செருப்புத் தைக்கிற புருஷன் பெண்சாதி, ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வீட்டார், யுனிவர்சிட்டியில் படிக்கிற இரண்டு மூன்று பேர் என்று மொத்தம் பதினேழு பேர். குமாஸ்தா வீட்டுக் கூடத்தில்தான் ஆராதனை. மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் பாசஞ்சரில் ஐயாவும் நானும் போவோம். பாத்திரப் பெட்டி என் மடியில் இருக்கும்.

ஒரு மாதம் அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தால் அப்பம் இருக்கிறது, திராட்சரசம் இருக்கிறது, பாத்திரம் இல்லை. காலையில் கடலூரில் கழுவிக் காயவைத்தவன் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். குமாஸ்தா வீட்டில் எல்லாம் அலுமினிய டம்ளர். எதிர் வீட்டு விசாலம் அம்மாவிடம் வெள்ளி டம்ளர் இருக்கும் என்றார்கள். அவர் நடராஜர் கோயிலுக்கு ஒரு நாள் தவறாமல் போகிறவர். போய்க் கேட்டேன். எதற்கு என்றார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமைதான் இல்லை என்றால் பொய்யும் எனக்கு வராது. பதினேழு பேரும் எச்சில் பண்ணித்தான் குடிப்போம், அதில் இன்னின்னார் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டுதான் நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க வீட்டுல ரெண்டு மருமவளுங்க இருக்காளுங்க. ஒருத்தி குடிச்ச டம்ளர இன்னொருத்தி தொட மாட்டா. பதினேழு பேரு எப்படிய்யா குடிச்சீங்க?"

தப்பான பக்கம்

அடுத்த மாதம் சனிக்கிழமை நோட்டோடு போனபோது இந்தக் கதையை அன்னம்மாவிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வர அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பேரை எழுதிக்கொள்ளச் சொன்னாள். கடைசி ஆளாக மட்டும் வரமாட்டேன் என்று மறுபடியும் சொன்னாள். எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் எனக்கு உதறல் எடுத்தது. யாராவது ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டால் போதும், அவள் வாசல் பாய்க்குக்கூட வரமாட்டாள். அவளை இழுத்து விட்டவன் நான்.

அந்த உதறலில்தான் மறுநாள் காலையில் பீடத்தின் இடது பக்கம் வைக்க வேண்டிய பாத்திரத்தை வலது பக்கம் வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி வைத்ததில்லை. ஐயா பாத்திரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து கொடுத்துக்கொண்டு வருவார். பெண்கள் முதல் வரிசைக்கு எழுந்தார்கள். டீச்சர் வழக்கம்போல இடது கோடியில் முழங்கால் போட்டார். அவருடைய தங்கை மகளைப் பார்க்க நெல்லிக்குப்பம் போயிருந்தார். தங்கையின் இடம் காலி. டீச்சர் பக்கத்தில் போய் நிற்க யாருக்கும் தைரியம் இல்லை. அன்னம்மாவுக்கு இந்த வழக்கமெல்லாம் என்ன தெரியும்? காலியாக ஓர் இடம் இருக்கிறதே என்று நேராகப் போய் அங்கே முழங்கால் போட்டுவிட்டாள்.

அப்பம் கொடுத்து முடித்து ஐயா பாத்திரத்தை எடுத்து வலது கோடியிலிருந்து ஆரம்பித்தார். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது. எட்டுப் பேர் குடித்தார்கள். ஒன்பதாவது அன்னம்மா குடித்தாள். ஐயா எப்போதும்போல வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, டீச்சரிடம் நீட்டினார். கண்ணை மூடி ஜெபிக்க வேண்டிய சபை மொத்தமும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் பாத்திரத்தைப் பார்த்தார். பக்கத்தில் தலை குனிந்து முழங்காலில் நின்றவளைப் பார்த்தார். அங்கி அறைக் கதவோரம் நின்ற என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு வாங்கிக் குடித்தார். அவசரமில்லாமல் குடித்தார். குடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கை நீட்டி ஏதோ சொன்னார். அன்னம்மா அவரைத் தாங்கி எழுப்பி விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கம் என்ன?

ஆராதனை முடிந்ததும் டீச்சர் நேராக அங்கி அறைக்கு வந்தார். பாத்திரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடத் தெரியாதா, உன்னை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்று வெளுத்து வாங்கினார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, அடுத்த மாதமும் அந்தப் பக்கமே வை, மாற்றி மாற்றி வைத்துக் குழப்பாதே என்றார். பாய் சுருட்ட வந்தபோது அன்னம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்று உள்ளே தள்ளி உட்கார்ந்ததால் செருப்பு விட்ட இடம் மறந்துவிட்டதாம். டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கை குடும்மான்னு கேட்டாங்கண்ணே. சேலையில தொடச்சிட்டுக் குடுக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள அவுங்களே புடிச்சிக்கிட்டாங்க."

அத்தனை வருஷக் கோயில்பிள்ளை வேலையில் நீ சரியாகச் செய்தது என்ன என்று யாராவது கேட்டால், பாத்திரத்தைத் தப்பான பக்கம் வைத்ததைத் தவிரச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறொன்றும் இல்லை.